பழசு அழியாமல் புதுசு எழுத... கிட் பழகலாம்!

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் போன்றவற்றுக்கு 18 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதமானது. நெய், வெண்ணெய்க்கு 12 சதவீதம் 5 ஆனது. தென்காசி பக்கத்தில் இலத்தூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் மாமா முந்தின நாளே எனக்குப் போன் செய்துவிட்டார்.

"மருமவனே, நாளைக்குக் கடை தொறக்கதுக்குள்ள மாத்திக் குடுத்துருய்யா."

அவர் கடையின் பில்லிங் புரோகிராம் நான் எழுதியது. 2019-ல், இன்ஜினியரிங் கடைசி வருடத்தில், பைத்தானில் எழுதிக் கொடுத்தேன். பில் போடும், வாடிக்கையாளர்களின் பற்றுக் கணக்கையும் வைத்துக்கொள்ளும். லேப்டாப்பில் இருந்த போல்டரைத் திறந்து விகிதங்களை மாற்றினேன். பென் டிரைவில் காப்பி செய்து, கடைக் கம்ப்யூட்டரில் பேஸ்ட் செய்தேன். "இதே பெயரில் பைல்கள் உள்ளன, ரீப்ளேஸ் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டது. சரி என்றேன். பத்து நிமிட வேலை.

மூன்று வாரம் கழித்துப் பிரச்சினை வெளியே வந்தது. இருபது வருடமாக அந்தக் கடையிலேயே சாமான் வாங்கும் ஒரு ஆச்சி, வண்டு இருந்த துவரம்பருப்பைத் திருப்பிக் கொடுத்திருந்தார். அந்தத் தொகை அவருடைய பற்றில் கழியவில்லை. ஆச்சி சொன்னபோது மாமா, "கம்ப்யூட்டர் கணக்கு தப்பாது ஆச்சி" என்று சொல்லிவிட்டார். ஆச்சி ஒன்றும் பேசாமல் கேட்ட பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போய்விட்டார். மறு வாரம் கடைக்கு வரவில்லை.

மாமாவுக்கு மனது கேட்கவில்லை. பழைய பில்களை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஆச்சி சொன்னதுதான் சரி. இன்னும் பத்துப் பேர் கணக்கிலும் அதே தவறு இருந்தது.

என்ன நடந்தது? திருப்பிய சரக்கைப் பற்றில் கழிக்காத தவறு 2019-ல் எழுதிய புரோகிராமிலேயே இருந்தது. 2022-ல் ஊருக்குப் போனபோது கடைக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து அதைத் திருத்திக் கொடுத்தேன். அந்தத் திருத்தத்தை என் லேப்டாப்புக்கு எடுத்துக்கொள்ள மறந்துவிட்டேன். ஆகவே 2025-ல் நான் வரி மாற்றியது 2019-ன் பழைய காப்பியில். அதைக் கொண்டுபோய் மேலே போட்டதும் 2022-ன் திருத்தம் அழிந்துவிட்டது. மொத்தம் நாலைந்து வரிதான்!

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த மாதிரித் தவறு நடக்காமல் இருப்பதற்கென்றே உள்ள சாப்ட்வேரை நான் அலுவலகத்தில் தினமும் பயன்படுத்துகிறேன். வீட்டுப் புரோகிராம்தானே, இதற்கெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன். அந்த சாப்ட்வேரின் பெயர் கிட். வீட்டில் புரோகிராம் எழுதுபவர்களும், வெப்சைட் செய்பவர்களும், பிராஜக்ட் செய்யும் மாணவர்களும் இதை ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம். எப்படி என்று பார்ப்போம்.

வெர்ஷன் கன்ட்ரோல் என்றால் என்ன?

ஒரு பைலில் யார், எப்போது, என்ன மாற்றம், எதற்காகச் செய்தார் என்பதை வரிசையாகப் பதிந்து வைப்பதே வெர்ஷன் கன்ட்ரோல். மளிகைக்கடைப் பேரேடு போல. பேரேட்டில் இன்றைய இருப்பு மட்டும் இருந்தால் போதாது. அந்த இருப்பு எப்படி வந்தது என்பதும் தேதி வாரியாக இருக்க வேண்டும். போல்டரைக் காப்பி செய்து "பைனல்", "பைனல் புதுசு" என்று பெயர் வைத்தால் நமக்குக் கிடைப்பது இருப்பு மட்டும்தான்.

இந்த எண்ணம் பழையது. 1972-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் எஸ்.சி.சி.எஸ். என்ற முதல் சாப்ட்வேர் உருவானது. 1982-ல் ஆர்.சி.எஸ்., 1986-ல் சி.வி.எஸ்., 2000-ல் சப்வெர்ஷன் என்று அடுத்தடுத்து வந்தன. லினக்ஸ் கெர்னலை எழுதுபவர்கள் 2002 முதல் பிட்கீப்பர் என்ற வணிக சாப்ட்வேரை இலவச அனுமதியில் பயன்படுத்தி வந்தார்கள். 2005-ல் அந்த இலவச அனுமதி நிறுத்தப்பட்டது. உடனே லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே உட்கார்ந்து, 2005 ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். சில நாட்களிலேயே கிட்டின் சொந்த மூலநிரலை கிட்டே பாதுகாக்கும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஜூனியோ ஹமானோ அதைப் பராமரித்து வருகிறார்.

சி.வி.எஸ்., சப்வெர்ஷன் இரண்டிலும் முழு வரலாறும் ஒரு சர்வரில் இருக்கும். கிட்டில் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் முழு வரலாறும் இருக்கும். இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்யலாம். மாமா கடை போன்ற இடத்துக்கு இது மிகவும் வசதி.

இன்ஸ்டால் செய்வது

கிட் முற்றிலும் இலவசம். "கிட் பார் விண்டோஸ்" என்று தேடி, அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து டவுன்லோட் செய்யவும். இன்ஸ்டால் செய்யும்போது நிறையக் கேள்விகள் கேட்கும். எல்லாவற்றுக்கும் நெக்ஸ்ட் கொடுக்கலாம், ஒன்றைத் தவிர. எந்த எடிட்டர் வேண்டும் என்று கேட்கும் இடத்தில் நோட்பேடைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் விம் என்ற எடிட்டர் திறந்து, அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று தெரியாமல் விழிக்க நேரிடும்.

இனி உங்கள் புரோகிராம் இருக்கும் போல்டரைத் திறந்து, காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, "ஓப்பன் கிட் பாஷ் ஹியர்" என்பதைக் கிளிக் செய்யவும். விண்டோஸ் 11-ல் முதலில் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு கறுப்பு விண்டோ வரும். கமாண்டுகளை இதில்தான் தர வேண்டும். இங்கே அவற்றின் உச்சரிப்பைத் தமிழில் தருகிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில் டைப் செய்து எண்டர் தட்டவும்.

முதலில் ஒரே ஒருமுறை உங்கள் பெயரையும் இமெயில் முகவரியையும் சொல்லிவிடுங்கள்.

கிட் கான்பிக் --குளோபல் யூசர்.நேம் "உங்கள் பெயர்"
கிட் கான்பிக் --குளோபல் யூசர்.இமெயில் "உங்கள் இமெயில்"

இனி பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்தின் பக்கத்திலும் இந்தப் பெயர் இருக்கும்.

நான்கு கமாண்டுகள் போதும்

1. கிட் இனிட்: இந்தப் போல்டரைக் கவனித்துக்கொள் என்று கிட்டிடம் சொல்வது. ஒரு புராஜக்ட்டுக்கு ஒருமுறை போதும். உள்ளே புள்ளியில் தொடங்கும் பெயரில் ".கிட்" என்ற மறைந்த போல்டர் உருவாகும். முழு வரலாறும் அதில்தான் இருக்கும். அதை அழித்தால் வரலாறு போய்விடும்.

2. கிட் ஸ்டேட்டஸ்: எந்தெந்த பைல் மாறியிருக்கிறது என்று காட்டும். சந்தேகம் வரும்போதெல்லாம் இதைக் கொடுத்துப் பாருங்கள். எதையும் மாற்றாது, பயப்பட வேண்டாம்.

3. கிட் ஆட்: மாறிய பைல்களில் எவற்றை இப்போது பதிய வேண்டும் என்று எடுத்து வைப்பது. "கிட் ஆட்" என்று எழுதி ஓர் இடம் விட்டுப் புள்ளி வைத்தால் எல்லா பைல்களையும் எடுத்துக்கொள்ளும். வரி முடிவுக் குறி பற்றி, எல்.எப்., சி.ஆர்.எல்.எப். என்றெல்லாம் ஓர் எச்சரிக்கை வந்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

4. கிட் கமிட் -எம் "குறிப்பு": எடுத்து வைத்ததை வரலாற்றில் பதிவது.

மூன்றாவதும் நான்காவதும் ஏன் தனித்தனியாக இருக்கின்றன என்று பலர் கேட்பார்கள். கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கேட்ட சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைக்கிறோம். வேண்டாததை எடுத்துவிடலாம். எல்லாம் சரி என்றான பிறகு பில் போடுகிறோம். ஆட் என்பது மேஜைமேல் வைப்பது. கமிட் என்பது பில் போடுவது. ஒரே மாலையில் நீங்கள் வரி விகிதத்தையும் மாற்றி, பிரிண்ட் அளவையும் மாற்றியிருந்தால், இரண்டையும் தனித்தனி கமிட்டாகப் போடுங்கள். பின்னால் ஒன்றை மட்டும் நீக்க வேண்டுமானால் சுலபம்.

குறிப்பில் என்ன எழுதுவது?

புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் "மாற்றம்", "சரி செய்தேன்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். என்ன மாறியது என்பதை கிட்டே காட்டிவிடும். ஏன் மாற்றினோம் என்பது நமக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் ஆறு மாதத்தில் நமக்கே மறந்துவிடும். எனவே காரணத்தை எழுதுங்கள். "பிஸ்கட் வரி 5 சதவீதம், 22.9.2025 முதல்" என்று எழுதினால் பின்னால் படிப்பவருக்கு உதவும்.

குறிப்பைத் தமிழிலும் எழுதலாம். கிட் பாஷ் விண்டோவில் கொம்பும் காலும் சற்றுத் தள்ளித் தெரியலாம். உள்ளே சரியாகவே பதிவாகும்.

தமிழில் பைல் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. "இலத்தூர்" என்று பைலுக்குப் பெயர் வைத்தால், ஸ்டேட்டஸில் அது \340\256\207 என்று தொடங்கி எண்களாக வரும். பைல் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். யூ.டி.எப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் தேவை. "இ" என்ற ஓர் எழுத்தின் 3 பைட்டையும் கிட் எண்களாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். கீழே உள்ளதை ஒருமுறை கொடுத்தால் பெயர் தமிழிலேயே வரும்.

கிட் கான்பிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபால்ஸ்

பழையதைப் பார்ப்பதும் திரும்பப் பெறுவதும்

"கிட் லாக்" என்று கொடுத்தால் இதுவரை போட்ட கமிட்டுகள் எல்லாம், கடைசியாகப் போட்டது மேலே வரும்படி, தேதியோடும் பெயரோடும் வரும். பட்டியல் நீளமாக இருந்தால் "க்யூ" எழுத்தைத் தட்டி வெளியே வரலாம். ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 எழுத்து நீளமுள்ள ஓர் அடையாள எண் இருக்கும். முதல் 7 எழுத்தைக் கொடுத்தாலே வழக்கமாகப் போதும்.

"கிட் டிஃப்" என்பது, கடைசிக் கமிட்டுக்குப் பிறகு நீங்கள் மாற்றி, இன்னும் ஆட் கொடுக்காத வரிகளைக் காட்டும். நீக்கிய வரி சிவப்பில், சேர்த்த வரி பச்சையில். கமிட் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் தவறுகள் அங்கேயே மாட்டிவிடும்.

கமிட் போட்ட பிறகு தவறு என்று தெரிந்தால்? "கிட் ரிவர்ட்" என்று கொடுத்து, பக்கத்தில் அந்தக் கமிட்டின் எண்ணைக் கொடுக்கவும். கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். பேரேட்டில் தவறான பதிவை யாரும் அழிப்பதில்லை; எதிர்ப்பதிவு போடுவார்கள். ரிவர்ட்டும் பழைய கமிட்டை அழிக்காது. அதற்கு எதிரான மாற்றத்தைப் புதிய கமிட்டாகப் போடும். தவறும் அதைத் திருத்தியதும் இரண்டுமே வரலாற்றில் இருக்கும்.

கமிட் போடாத மாற்றத்தை விட்டுவிட "கிட் ரெஸ்டோர்" என்று எழுதி பைல் பெயரைக் கொடுக்கலாம். இந்தக் கமாண்டு 2019 ஆகஸ்டில் வந்த 2.23 வெர்ஷனிலிருந்து உள்ளது. கவனம்: கமிட் போடாமல் நீங்கள் எழுதியது போய்விடும், கிட்டாலும் திரும்பத் தர முடியாது. பேரேட்டில் ஏறாத வியாபாரத்துக்குக் கணக்கு கிடையாது.

இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே

நான் கோட்டை விட்ட இடத்துக்கு வருவோம். பென் டிரைவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதையே சரியாகப் பயன்படுத்தலாம். பென் டிரைவ் "இ" டிரைவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லேப்டாப்பில், புராஜக்ட் போல்டரில் இருந்துகொண்டு:

கிட் குளோன் --பேர் . /இ/கடை.கிட்
கிட் ரிமோட் ஆட் ஆரிஜின் /இ/கடை.கிட்
கிட் புஷ் -யு ஆரிஜின் மாஸ்டர்

("மாஸ்டர்" என்பது முதன்மைக் கிளையின் பெயர். சிலருக்கு "மெயின்" என்று இருக்கும். ஸ்டேட்டஸின் முதல் வரியில் பார்த்துக்கொள்ளவும்.) "டியூபியஸ் ஓனர்ஷிப்" என்று ஓர் எச்சரிக்கை வந்தால், அதன் கீழே தரப்பட்டிருக்கும் கமாண்டை அப்படியே காப்பி செய்து ஒருமுறை கொடுக்கவும்.

பிறகு கடைக் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகி, "கிட் குளோன் /இ/கடை.கிட்" என்று கொடுத்தால், வரலாறு முழுவதும் அங்கே ஒரு புதிய போல்டரில் வந்துவிடும். இனி எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் வேலை தொடங்கும் முன் "கிட் புல்", முடித்துக் கமிட் போட்ட பின் "கிட் புஷ்". இவ்வளவுதான் பழக்கம்.

இப்படிச் செய்திருந்தால் எனக்கு என்ன நடந்திருக்கும்? 2022-ன் திருத்தத்தைக் கடையிலிருந்து புஷ் செய்திருந்தால், 2025-ல் பழைய காப்பியில் வேலை செய்துவிட்டு நான் புஷ் கொடுத்ததும் "ரிஜெக்டட்" என்று வந்திருக்கும். உன்னிடம் இல்லாத மாற்றம் இங்கே இருக்கிறது, முதலில் அதை எடுத்துக்கொள் என்று பொருள். புல் கொடுத்தால், வரி விகிதம் வேறு இடம், பற்றுக் கணக்கு வேறு இடம் என்பதால் இரண்டையும் கிட் தானே சேர்த்துவிடும். இருவரும் ஒரே வரியை மாற்றியிருந்தால் மட்டும் "கான்பிளிக்ட்" என்று நிறுத்தி, எது சரி என்று நம்மைக் கேட்கும். சரி, கடையில் திருத்திவிட்டுக் கமிட் போடவே மறந்திருந்தால்? அப்போதும், புல் செய்வது அந்த பைலை மாற்றும் என்றால், உங்கள் மாற்றம் அழிந்துவிடும் என்று சொல்லி கிட் நின்றுவிடும். விண்டோஸும் என்னைக் கேட்கத்தான் செய்தது. ஆனால் எந்த வரி அழியப்போகிறது என்று அதற்குத் தெரியாது.

செய்யக் கூடாதவை

வாடிக்கையாளர் பெயர், பற்றுத் தொகை இருக்கும் டேட்டாபேஸ் பைலைக் கமிட் செய்யாதீர்கள். ".கிட்இக்னோர்" என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் பைல் உருவாக்கி, அதில் அந்த பைலின் பெயரை எழுதிவிட்டால் கிட் அதைத் தொடாது. பாஸ்வேர்டுகளுக்கும் இதுதான் விதி. ஒருமுறை கமிட் ஆகி வெளியே போய்விட்டால், பின்னால் பைலை அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். அப்படி நடந்தால் பாஸ்வேர்டை உடனே மாற்றிவிடுங்கள்.

டேட்டாபேஸுக்குத் தனி பேக்கப் வேண்டும். கிட் இருந்தால் பேக்கப் வேண்டாம் என்று நினைப்பதும் தவறு. 2013 மார்ச்சில் கே.டி.இ. என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் திட்டத்தின் முதன்மை கிட் சர்வரில் பைல்கள் பழுதாயின. அதை நகலெடுத்துக்கொண்டிருந்த மற்ற சர்வர்கள் பழுதையும் சேர்த்தே நகலெடுத்தன. சுமார் 1500 ரெப்பாசிட்டரிகள் போயிருக்க வேண்டியவை. ஒரு சர்வரில் மட்டும் நல்ல காப்பி மிஞ்சியிருந்ததால் பிழைத்தன. எனவே வாரம் ஒருமுறை வேறொரு டிஸ்க்கிலும் எடுத்து வையுங்கள். இன்டர்நெட் இருந்தால் கிட்ஹப்பில் வைக்கலாம். 2019 ஜனவரி முதல் அங்கே இலவசக் கணக்கிலும் மற்றவர் பார்க்க முடியாத ரெப்பாசிட்டரிகளை எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

போட்டோ போன்றவற்றை கிட் சேமிக்கும். ஆனால் எந்த வரி மாறியது என்று காட்டாது. புரோகிராம், எச்.டி.எம்.எல். போன்ற டெக்ஸ்ட் பைல்களுக்கே அது முழுப் பயன் தரும்.

மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க விரும்பினால், கிட்ஹப்பில் "ஓப்பன்-தமிழ்" என்று தேடிப் பாருங்கள். தமிழ் எழுத்துகளைக் கையாளும் பைத்தான் தொகுப்பு அது. தமிழிலேயே புரோகிராம் எழுத உதவும் "எழில்" மொழியின் மூலநிரலும் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, எதற்குச் செய்தார்கள் என்று வரிசையாகப் படிக்கலாம். எந்தப் புத்தகத்தையும்விட இது நன்றாகக் கற்றுத் தரும்.

மாமா கடைக்குத் திரும்புவோம். அழிந்த வரிகளை நினைவிலிருந்து மறுபடி எழுதினேன். 2022-ல் எழுதியதும் இதுவும் ஒன்றுதானா என்று எனக்குத் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க அது எங்கேயும் இல்லை. மாமா பதினொரு பேர் கணக்கையும் பில்லைப் பார்த்துக் கையால் திருத்தினார். ஆச்சிக்குத் தர வேண்டிய பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அன்று இரவே கடையில் உட்கார்ந்து கிட் இன்ஸ்டால் செய்தேன். முதல் கமிட்டின் குறிப்பு இது:

"சரக்கு திரும்பி வந்தால் பற்றில் கழிக்க வேண்டும். 2022-ல் திருத்தியது 2025-ல் என் தவறால் அழிந்தது. இந்த வரிகளை நீக்காதே."

உங்களிடமும் இப்படி ஒரு போல்டர் இருக்கும். இன்று மாலையே அதைத் திறந்து, கிட் இனிட் கொடுத்து, முதல் கமிட்டைப் போட்டுவிடுங்கள். மற்றதைப் போகப் போகப் பழகிக்கொள்ளலாம்.